மதுரையிலிருந்து ஜெர்மனிக்குப் போகிறவர் எங்கெங்கே தடுமாறுவார்?

திருமங்கலத்துத் தம்பி ஒருவர் மேற்படிப்புக்காக அக்டோபரில் ஸ்டுட்கார்ட் நகருக்குப் போகிறார். விசா, வங்கிக் கணக்கு, குளிருக்கான உடுப்பு எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டார். "அன்றாட வாழ்க்கையில் எதில் தடுமாறுவேன்? போய் வந்தவர்கள் எல்லாரும் 'பழகிவிடும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறார். அந்த ஊரில் பல ஆண்டுகள் குடும்பம் நடத்திவிட்டு இப்போது மதுரை கே.கே. நகரில் இருப்பவள் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், தம்பி.

பழகிவிடும் என்பது பொய்யில்லை. ஆனால் எதைப் பழக வேண்டும் என்று தெரியாமல் போனால், முதல் ஆறு மாதம் 'இந்த ஊர்க்காரர்களுக்கு ஈவிரக்கமே கிடையாது' என்ற நினைப்பிலேயே கழிந்துவிடும். குளிரையும் ரொட்டியையும் பற்றித்தான் எல்லாரும் பயமுறுத்துவார்கள். அவை இரண்டும் பெரிய விஷயமே இல்லை. அக்கம்பக்கத்தார் எதில் தலையிடுவார்கள், எதில் தலையிட மாட்டார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மதுரையில் உங்கள் சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போது, ஏன் இளைத்துவிட்டீர்கள் என்று டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர்கூடக் கேட்பார். அதே ஆள், நீங்கள் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் வாயைத் திறக்க மாட்டார். ஜெர்மனியில் அப்படியே தலைகீழ். எதிர்வீட்டுக்காரர் எத்தனை வருடம் பழகினாலும் உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்க மாட்டார். காகிதத் தொட்டியில் பிளாஸ்டிக் பையைப் போட்டுப் பாருங்கள், அன்று மாலையே வந்து கதவைத் தட்டுவார்.

சாலையைக் கடப்பதிலிருந்தே இது தொடங்கிவிடும். கோரிப்பாளையத்தில் நாம் ஒரு கையை உயர்த்திக் காட்டிக்கொண்டே பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நடந்துவிடுவோம். அங்கே இரவு பதினொரு மணிக்கு, கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு வண்டியும் இல்லாத சாலையில்கூடச் சிவப்பு விளக்குக்கு நிற்பார்கள். நடந்து போகிறவருக்கு அபராதம் ஐந்து யூரோதான். அந்த ஐந்து யூரோவுக்குப் பயந்து யாரும் நிற்பதில்லை. பக்கத்தில் ஒரு குழந்தை நிற்கும்போது நீங்கள் கடந்துவிட்டால், முன்பின் தெரியாத ஒரு பாட்டி "பிள்ளைகள் பார்க்கிறார்கள்" என்று பின்னாலிருந்து சத்தம் போடுவார். நம் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். சொந்தப் பேரனையும் அவர் அப்படித்தான் அதட்டுவார். (நிறத்தைப் பார்த்து நடந்துகொள்கிறவர்களும் இல்லாமல் இல்லை. அது வேறு, இது வேறு என்பது போகப் போகப் புரியும்.)

அடுத்தது சத்தம். மதுரைக்காரர்களுக்கு உண்மையான அதிர்ச்சி இதுதான் என்பது என் அபிப்பிராயம். நாம் தூங்கா நகரத்தில் வளர்ந்தவர்கள். ஆடி மாதம் பிறந்தால் தெருவுக்குத் தெரு அம்மன் பாட்டு. காதுகுத்து வீடென்றால் விடிகாலை நான்கு மணிக்கே ஒலிபெருக்கி. யாரும் புகார் சொல்வதில்லை, ஏனென்றால் அடுத்த மாதம் நம் வீட்டு விசேஷம் வரும். அங்கே பொதுவாக இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அமைதி நேரம். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் நாள் முழுக்க அமைதி. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, துளைபோடும் கருவியை எடுக்கக் கூடாது, புல்வெட்டும் எந்திரத்தை ஓட்டக் கூடாது. காலிக் கண்ணாடிப் பாட்டில்களைத் தெருமுனையில் இருக்கும் பெரிய தொட்டிகளில் போடுவதற்குக்கூட ஞாயிற்றுக்கிழமை தடை. உள்ளே விழுந்து உடையும் சத்தம் கேட்குமாம்.

ஞாயிறன்று கடைகளும் கிடையாது. நமக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை ஆறு மணிக்கே கறிக்கடை வாசலில் கூட்டம். அங்கே அதே நாளில் கடைவீதியைப் பார்த்தால் ஏதோ பந்த் போலிருக்கிறதே என்று தோன்றும். ரயில் நிலையத்துக் கடைகள், பெட்ரோல் பங்க், காலையில் சில மணி நேரம் ரொட்டிக்கடை, அவ்வளவுதான். இது வெறும் வியாபாரப் பழக்கமில்லை. ஞாயிறு உழைப்புக்கு ஓய்வான நாள் என்று ஜெர்மனியின் பழைய அரசியல் சட்டமான 1919-ஆம் ஆண்டின் வைமார் சட்டம் சொன்னது. இன்றைய அரசியல் சட்டமும் அந்தப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே சனிக்கிழமை மாலைக்குள் பாலும் அரிசியும் வீட்டில் இருக்கட்டும். முதல் சில ஞாயிறுகளில் அந்த நிசப்தம் காதை அடைக்கும். பிறகு, இங்கே திரும்பி வந்த பின்பு, அதற்காக ஏங்குவீர்கள். நான் ஏங்குகிறேன்.

இனி ஸ்டுட்கார்ட்டுக்கே உரிய ஒரு சங்கதி. அந்த வட்டாரத்தில் 'கேர்வோஹெ' என்றொரு வழக்கம் உண்டு. அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் வாரம் ஒரு வீடாக முறைவைத்து மாடிப்படியைச் சுத்தம் செய்ய வேண்டும். சில கட்டடங்களில் வெளியே நடைபாதை, நிலவறை, குப்பைத் தொட்டி வைக்கும் இடம் ஆகியவற்றுக்கும் தனி முறை உண்டு. உங்கள் முறை வந்தால் வாசல் கதவுக் கைப்பிடியில் ஒரு சிறிய அட்டை தொங்கும். எங்கள் கட்டடத்தில் அது உள்ளங்கை அகல மரப்பலகை, சிவப்புக் கயிறு கட்டியது. வேலையை முடித்துவிட்டு நீங்களே அதை எடுத்துப்போய் அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வர வேண்டும். யாரும் யாருக்கும் சொல்வதில்லை, பலகைதான் சொல்லும். ஆனால் ஒரு வாரம் செய்யாமல் விட்டால் மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து மிக மரியாதையாக நினைவூட்டுவார். இந்த வழக்கத்தின் வேரை 1492-ஆம் ஆண்டில் அந்த நகரத்துக்குப் போட்ட சட்டம்வரை கொண்டுபோவார்கள். ஒவ்வொருவரும் தங்கள் சாணக் குப்பையை வாரம்தோறும் வெளியேற்ற வேண்டும் என்று அதில் இருந்ததாம். நகராட்சி விதியாக இருந்ததை 1988-இல் எடுத்துவிட்டார்கள். வாடகை ஒப்பந்தங்களில் இன்னும் இருக்கிறது. கையெழுத்துப் போடும்முன் பாருங்கள்.

நம் ஊர்ச் சுத்தத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம். நாம் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோம், தினமும். அவர்கள் வாரம் ஒரு முறை. சுத்தத்தில் நாம் இளைத்தவர்கள் அல்லர். ஆனால் பெருக்கிய குப்பையை எங்கே தள்ளுகிறோம்? நம் கோலத்துக்கு அப்பால், தெருவுக்கு. அந்தப் பக்கம் யாருடையதும் இல்லை. ஜெர்மனியில் அந்த 'அப்பால்' எல்லாருக்கும் சொந்தம், அதனால் எல்லாருக்கும் அதில் பேச உரிமை உண்டு. பனி விழும் காலத்தில் இன்னும் நன்றாகப் புரியும்: வீட்டுக்கு முன்னால் நடைபாதையில் கிடக்கும் பனியைக் காலையிலேயே வாரி ஒதுக்குவது வீட்டுக்காரர் கடமை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் வாடகைக்கு இருப்பவர் கடமை. யாராவது வழுக்கி விழுந்தால் நஷ்டஈடு கேட்பார்கள்.

மாடிப்படியைத் துடைக்கும்போது ஒன்று கவனம். வாளித் தண்ணீரை ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தள்ளும் வேலை அங்கே நடக்காது. தண்ணீர் வெளியேறத் துளை கிடையாது, கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். மேல்படியில் தொடங்கி, பிழிந்த துணியால் ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டே இறங்க வேண்டும். குளியலறையும் இப்படித்தான்: குளிக்கும் தொட்டிக்கு வெளியே தரை காய்ந்தே இருக்க வேண்டும். குவளையால் மொண்டு ஊற்றிக் குளித்துப் பழகியவர்கள் தொட்டிக்குள்ளேயே அதை முடித்துக்கொள்ளலாம், தப்பில்லை. குளிர்காலத்தில் தினமும் இரண்டு மூன்று தடவை ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் காற்றோட விடுங்கள். இல்லாவிட்டால் நம் சமையல் ஆவிக்குச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், காலி செய்யும்போது முன்பணத்தில் கழிப்பார்கள். கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும். ஒற்றை அறையிலேயே சமையலும் படுக்கையும் என்றால் மிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளிக்கும் முன்பு ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

குப்பைப் பிரிப்பு பற்றி ஊரெல்லாம் பேசுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். காகிதம், பொட்டல உறைகள், காய்கறிக் கழிவு, மிச்சம் என்று தனித்தனித் தொட்டி. கண்ணாடியில் வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பார்த்துப் போட வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலியானதும் கடையில் இருக்கும் எந்திரத்தில் போட்டால் ரசீது வரும், அதைக் கல்லாவில் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். நசுக்காமல் கொண்டுபோங்கள், பாட்டிலில் இருக்கும் பார்கோடு பட்டையை எந்திரம் படிக்க வேண்டும்.

இப்போது மறுபாதிக்கு வருகிறேன். வாழ்க்கையில் தலையிட மாட்டார்கள் என்றேனே, அதன் விலை என்ன தெரியுமா? நீங்கள் சோர்ந்து உட்கார்ந்திருந்தாலும் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். மாட்டுத்தாவணியில் ஒரு பெரிய பையோடு விழித்துக்கொண்டு நின்றால் போதும், "எந்த ஊருக்குப் போகணும் தம்பி?" என்று மூன்று பேர் வருவார்கள், எந்த பஸ் சீக்கிரம் போகும் என்று அவர்களுக்குள் சண்டைகூட நடக்கும். ஸ்டுட்கார்ட் நிலையத்தில் நீங்கள் அரைமணி நேரம் விழித்தாலும் அத்தனை பேரும் கடந்துதான் போவார்கள். அதே கூட்டத்தில் ஒருவரை நிறுத்தி "எனக்கு உதவ முடியுமா?" என்று கேளுங்கள். நின்று, கைப்பேசியை எடுத்து, நடைமேடை எண்ணைப் பார்த்து, சில சமயம் கூடவே நடந்து வந்து ரயில் பெட்டிவரை காட்டிவிட்டுப் போவார். மனம் இருக்கிறது, ஆனால் கதவை நீங்கள்தான் தட்ட வேண்டும். கேட்காமல் உதவுவது அவர்களுக்கு அத்துமீறல். கேட்பது நமக்குக் கூச்சம். நம் பிள்ளைகள் பலர் இந்த இடைவெளியில்தான் தனியாக விழுந்து கிடக்கிறார்கள். பேராசிரியரிடமும் அலுவலகத்திலும் இதே கதைதான். பாடம் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வாயால் சொல்ல வேண்டும்.

விருந்திலும் அதேதான். நம் பக்கத்தில் முதல் தடவை "வேண்டாம்" என்பது மரியாதை, மூன்றாவது தடவை தட்டை நீட்டுவது வழக்கம். அங்கே ஒரு தடவை வேண்டாம் என்றால் அத்தோடு சரி. பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும், பசியோடு வீடு திரும்ப வேண்டியதுதான். ஆறு பேரை அழைத்திருந்தால் ஆறு நாற்காலிதான் இருக்கும். கூட வரும் நண்பனை முன்கூட்டிச் சொல்லாமல் அழைத்துப் போகாதீர்கள். ஐந்நூறு பேருக்குச் சமைத்து எண்ணூறு பேர் வந்தாலும் இன்னொரு உலை வைத்துச் சமாளிக்கும் சாமர்த்தியம் நம் மண்டபத்துச் சமையல்காரர்களுக்கு மட்டும் உரியது. "பார்க்கலாம்" என்று சொல்லி நழுவுவதும் அங்கே செல்லாது. வருவீர்களா இல்லையா என்று திரும்பக் கேட்பார்கள். வரவில்லை என்று நேராகச் சொன்னால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். தலையை இரண்டு பக்கமும் ஆட்டிச் சம்மதம் சொல்லும் பழக்கத்தையும் கொஞ்சம் அடக்குங்கள், அவர்களுக்கு அது மறுப்பாகத் தெரியும். மூக்கை உறிஞ்சினால் முகம் சுளிப்பார்கள். சாப்பாட்டு மேசையிலேயே கைக்குட்டையை எடுத்து ஊரே கேட்கும்படி சிந்துவார்கள், அது தப்பில்லையாம். இதற்கு மட்டும் எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

பணக் கணக்கு நம்மவர்களை அதிகம் புண்படுத்துவது. நாலு பேர் சேர்ந்து சாப்பிட்டால், பரிமாறுபவர் சேர்த்தா, தனித்தனியா என்று கேட்பார். அவரவர் தின்றதற்கு அவரவர் கொடுப்பார்கள். உங்களுக்காகக் காப்பி வாங்கி வந்த சகமாணவர் இரண்டு யூரோ நாற்பது சென்ட் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார். "சே, இதையெல்லாமா கணக்குப் பார்ப்பார்கள்" என்று நம் பிள்ளைகள் ஊருக்குப் போன் போட்டுச் சொல்வார்கள். நாம் கணக்குப் பார்க்காதவர்களா? உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்ப் பாருங்கள். மேசை போட்டு உட்கார்ந்து, பெயர், ஊர், தொகை என்று மொய் நோட்டில் எழுதுவதோடு ஒலிபெருக்கியிலும் வாசிப்பார்கள். திரும்பச் செய்ய வேண்டிய நாளில் பழைய நோட்டைப் புரட்டி, அவர்கள் செய்ததற்கு மேல் கொஞ்சம் கூட்டித்தான் வைப்போம். அவர்களும் கணக்குப் பார்க்கிறார்கள், நாமும் பார்க்கிறோம். நம் கணக்கு முடியக் கூடாது என்பதற்காக எழுதப்படுவது. பாக்கி இருக்கும்வரை உறவும் இருக்கும். அவர்களுக்கு நட்பு நிலைக்க வேண்டுமென்றால் இடையில் பாக்கி இருக்கக் கூடாது. ஆகவே அந்த இரண்டு யூரோ நாற்பதை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். உங்கள் பிறந்தநாளுக்கு நீங்கள்தான் கேக் கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். யாருக்கும் முதல் நாளே வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள், துரதிர்ஷ்டம் என்று நினைப்பார்கள். சகுனம் பார்ப்பது நாம் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம்.

பெயர் விவகாரம் உங்களைப் படுத்தப் போகிறது. நமக்கு இன்ஷியலும் பெயரும்தான், குடும்பப் பெயர் கிடையாது. அங்கே எல்லாம் குடும்பப் பெயரில் நடக்கும். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால், வகுப்பிலும் வங்கியிலும் உங்களை உங்கள் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் நாம் வாய்விட்டுச் சொல்லவே தயங்கும் பெயர், நாளெல்லாம் காதில் விழும். என் மாமியார் எங்களோடு தங்கியிருந்தபோது ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மாமியாரின் பாஸ்போர்ட்டில் மாமனார் பெயர்தான் குடும்பப் பெயர். வரவேற்பில் இருந்த பெண் அந்தப் பெயரை உரக்கச் சொல்லி அழைத்தார். மாமியார் திடுக்கிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாற்பது வருடமாகத் தன் வாயால் சொல்லாத பெயருக்கு அவரே எழுந்து போனார்.

அந்தப் பெயரை வீட்டுத் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்ட வேண்டும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். அங்கே காரியமெல்லாம் கடிதத்தில்தான் நடக்கிறது. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வரி எண் தபாலில் வரும், வங்கி அட்டை ஒரு உறையில் வரும், அதன் ரகசிய எண் வேறொரு உறையில் வரும், வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் கட்டச் சொல்லியும் கடிதம் வரும். வீட்டில் டிவி இல்லை என்று பதில் எழுதிப் பயனில்லை, அது வீட்டுக்கு வீடு விதிக்கும் கட்டணம். எந்தக் கடிதத்தையும் தூக்கி எறியாதீர்கள், துளைபோட்டுக் கோப்பில் அடுக்குங்கள். நம் ஊரில் ஆளைத் தெரிந்தால் காரியம் நடக்கும். அங்கே தாள் இருந்தால் நடக்கும்.

உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் நடத்துனர் உங்களைத் தேடி வர மாட்டார், நுழைவில் தடுப்பும் இருக்காது. சும்மா ஏறலாம்போல் தோன்றும். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், அபராதம் 60 யூரோ. காய்ச்சல் வந்தால் ஊசியும் மூன்று நிற மாத்திரையும் எதிர்பார்க்காதீர்கள். மூலிகைத் தேநீர் குடித்துப் படுக்கச் சொல்லி விடுப்புச் சான்று தருவார் மருத்துவர். பாரசிட்டமால்கூட மருந்துக்கடையில்தான் கிடைக்கும், அதுவும் ஞாயிறன்று முறைவைத்துத் திறந்திருக்கும் கடையில் மட்டும். உயிர் ஆபத்துக்கு 112, நேரங்கெட்ட நேரத்துச் சாதாரண உபாதைக்கு 116117.

டிசம்பரில் காலை எட்டு மணிவாக்கில் விடிந்து மாலை நாலரை மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். சித்திரை வெயிலில் தெருவில் நிழல் விழும் பக்கமாகவே நடந்து பழகிய நமக்கு, வெயில் விழும் நாற்காலிக்கு அவர்கள் போட்டி போடுவதன் காரணம் முதல் குளிர்காலம் முடியும்போது தெரியும். வெயில் தலைகாட்டினால் நீங்களும் வெளியே போய் நில்லுங்கள். அம்மாவிடம் சொல்லி வையுங்கள்: குளிர்காலத்தில் நமக்கும் அங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை.

ஈழத் தமிழர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. 1983-க்குப் பிறகு போர் விரட்ட வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஜெர்மனி முழுக்க இருக்கிறார்கள். வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறார்கள். வடக்கே ஹாம் நகரில் 2002-இல் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு இராசகோபுரமும் தேர்த் திருவிழாவும் உண்டு. அவர்கள் கடையில் போய் நின்றால், நான் மேலே சொன்ன விதியெல்லாம் தலைகீழாகி, எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், எப்போது கல்யாணம் என்று விசாரணை தொடங்கிவிடும். எரிச்சல் வராது. இன்னும் இரண்டு கேள்வி கேட்க மாட்டார்களா என்றிருக்கும்.

பெட்டி கட்டும்போது ஒன்று. பால் பொருளும் இறைச்சியும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வீட்டில் உருக்கிய நெய்யும் விமான நிலையத்தில் குப்பைக்குப் போகும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். ஈழத் தமிழர் கடையில் வாங்கிக்கொள்ளலாம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி தாராளமாகப் போகும். அலுமினியக் குக்கர் வாங்காதீர்கள், அங்கே பல வீடுகளில் இருக்கும் தூண்டல் (இண்டக்ஷன்) அடுப்பில் அது சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் குக்கராகப் பார்த்து வாங்குங்கள், ஒருவருக்கு மூன்று லிட்டர் போதும்.